ஹைபர்னேட்: கேட்ட டேட்டா வரவில்லை, கொடுத்த டேட்டா சேரவில்லை - ஏன்?

ஜாவாவில் டேட்டாபேஸ் ப்ராஜெக்ட் செய்யும் வாசகர்கள் பலரும் ஒரு கட்டத்தில் ஹைபர்னேட்டுக்கு வந்து சேர்கிறார்கள். ஜேடிபிசி முறையில் எஸ்க்யூஎல் வரிகளை எழுதி, ரிசல்ட்செட்டிலிருந்து ஒவ்வொரு ஃபீல்டாக எடுத்து ஆப்ஜெக்ட்டில் போட்டு அலுத்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. கிளாஸை எழுதுகிறோம், அதன் தலையில் இரண்டு அனோட்டேஷன் வைக்கிறோம், மீதியை ஹைபர்னேட் பார்த்துக்கொள்கிறது. முதல் இரண்டு நாட்கள் எல்லாம் ஒழுங்காக நடக்கும். மூன்றாம் நாள், திரை முழுக்க நீளமான ஒரு பிழைச் செய்தி வரும். அல்லது அதைவிட மோசமாக, எந்தப் பிழையும் வராமலேயே டேட்டா காணாமல் போயிருக்கும்.

இந்த இரண்டு வகைத் தொல்லைகளையும் ஒரே உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். கடைக்கான பில்லிங் ப்ரோகிராம் ஒன்று எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் என்று ஒரு கிளாஸ். ஒரு பில்லில் பல வரிகள் இருக்கும். அதற்குப் பில்வரி என்று இன்னொரு கிளாஸ். ஒவ்வொரு பில்வரியும் ஒரு பொருளைக் குறிக்கும். பில்லிலிருந்து பில்வரிக்கு ஒன்-டு-மெனி உறவு. பில்வரியிலிருந்து பில்லுக்கும் பொருளுக்கும் மெனி-டு-ஒன் உறவு. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். டைப் செய்யும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் செய்யவும்.

அதற்கு முன் சிறிது பின்னணி. ஹைபர்னேட்டை 2001-ல் கேவின் கிங் தொடங்கினார். அன்றைய இஜேபி என்டிட்டி பீன்களின் சுமை தாங்காமல் பிறந்தது இது. பிறகு 2006-ல் ஜாவா பெர்சிஸ்டன்ஸ் ஏபிஐ, அதாவது ஜேபிஏ, பொது விதிமுறையாக வந்தது. ஹைபர்னேட் அந்த விதிமுறையை நிறைவேற்றும் சாஃப்ட்வேர்களில் ஒன்று, எக்லிப்ஸ்லிங்க் இன்னொன்று. பின்னாளில் ஜேபிஏவின் பெயர் ஜகார்த்தா பெர்சிஸ்டன்ஸ் என்று மாறியது. பேக்கேஜ் பெயரும் 'ஜாவாஎக்ஸ்' என்பதிலிருந்து 'ஜகார்த்தா' என்று ஆனது. 2022-ல் வந்த ஹைபர்னேட் 6 இந்தப் புதுப் பெயரை மட்டுமே ஏற்கும். பழைய புத்தகத்திலிருந்து எடுத்த உதாரணம் கம்பைல் ஆகவில்லை என்றால் முதலில் இம்போர்ட் வரிகளைப் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே பிரச்சனை தீர்ந்துவிடும்.

நோ செஷன்!

பில் எண்ணைக் கொடுத்துப் பில்லை எடுக்கிறீர்கள். பில்லின் தேதி வருகிறது, தொகை வருகிறது. வரிகளைக் காட்டலாம் என்று 'பில்.கெட்வரிகள்' என்று கூப்பிட்டு அதில் ஃபார் லூப் போட்டவுடன் 'லேசி இனிஷியலைசேஷன் எக்செப்ஷன்' என்று ப்ரோகிராம் நின்றுவிடுகிறது. செய்தியின் கடைசியில் 'நோ செஷன்' என்று இருக்கும். ஹைபர்னேட் பழகுபவர்கள் சந்திக்கும் முதல் முட்டுக்கட்டை அநேகமாக இதுதான்.

காரணம் எளிது. ஒரு பில்லை எடுக்கும்போது அதன் 40 வரிகளையும், ஒவ்வொரு வரியின் பொருளையும், அந்தப் பொருளைச் சப்ளை செய்தவரையும் சேர்த்து எடுத்தால் பாதி டேட்டாபேஸே மெமரிக்கு வந்துவிடும். அதனால் ஹைபர்னேட் ஒரு தந்திரம் செய்கிறது. வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் உண்மையான லிஸ்டை வைக்காமல், லிஸ்ட் போலத் தோற்றமளிக்கும் ஒரு பொய் லிஸ்டை வைக்கிறது. நீங்கள் அதைத் தொடும்போதுதான் டேட்டாபேஸுக்குப் போய் எடுத்து வரும். இதைத்தான் லேசி லோடிங் என்கிறார்கள். தனி ஆப்ஜெக்ட்டாக இருந்தால் அதன் கிளாஸிலிருந்து ஒரு துணை கிளாஸை அந்த நேரத்திலேயே உருவாக்கி நிறுத்துகிறது. அதற்குப் ப்ராக்சி என்று பெயர். டீபக்கரில் பார்த்தால் கிளாஸ் பெயருக்குப் பின்னால் ஏதோ வால் முளைத்திருப்பது இதனால்தான். என்டிட்டி கிளாஸை ஃபைனல் என்று அறிவிக்கக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. ஃபைனல் கிளாஸுக்குத் துணை கிளாஸ் செய்ய முடியாதல்லவா?

இந்தப் பொய் லிஸ்ட் டேட்டாபேஸுக்குப் போக ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் செஷன். ஜேபிஏவில் அதற்கு என்டிட்டி மேனேஜர் என்று பெயர். பில்லை எடுத்த ஃபங்ஷன் முடிந்ததும் செஷனை மூடிவிட்டீர்கள். பிறகு திரைக்கு எழுதும் இடத்தில் வரிகளைக் கேட்கிறீர்கள். போகும் பாதை அடைக்கப்பட்டுவிட்டது. ஆகவே 'நோ செஷன்'.

சில சமயம் நீங்கள் கேட்காமலேயே இது நடக்கும். பில் கிளாஸின் 'டூஸ்ட்ரிங்' ஃபங்ஷனில் வரிகளையும் சேர்த்திருந்தால், பில்லை லாகில் எழுதினாலே லிஸ்ட் தொடப்படும். லாம்போக் போன்ற கருவி அந்த ஃபங்ஷனைத் தானாக எழுதித் தரும்போது இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வெப் ப்ரோகிராமில் என்டிட்டியை அப்படியே ஜேசன் ஆக மாற்றினாலும் இதே கதைதான். பிழைச் செய்தியின் கீழே உள்ள ஸ்டாக் ட்ரேஸில் உங்கள் கிளாஸ் பெயர் வரும் முதல் வரியைத் தேடுங்கள். லிஸ்டைத் தொட்டது யார் என்று அங்கே தெரியும்.

அவசர மருந்துகள்

இதற்கு நண்பர்கள் சொல்லும் முதல் வைத்தியம், 'ஃபெட்ச் டைப் ஈகர் என்று மாற்றிவிடு' என்பது. பிழை உடனே போய்விடும், உண்மைதான். ஆனால் இனி எங்கே பில்லை எடுத்தாலும் வரிகளும் சேர்ந்தே வரும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். பில் எண்ணும் தேதியும் மட்டும் காட்டும் பட்டியலுக்கும் அத்தனை வரிகளும் இழுக்கப்படும். ஓர் இடத்துப் பிழையைத் தீர்க்க எல்லா இடத்தையும் மெதுவாக்குகிறோம்.

இரண்டாவது வைத்தியம், 'எனேபிள் லேசி லோட் நோ ட்ரான்ஸ்' என்ற ஹைபர்னேட் செட்டிங். செஷன் மூடியிருந்தாலும் தற்காலிகமாக ஒன்றைத் திறந்து எடுத்து வரும். ஒவ்வொரு லிஸ்டுக்கும் தனித்தனிச் செஷன், தனித்தனிக் கனெக்ஷன். முதலில் எடுத்த பில்லுக்கும் பிறகு எடுத்த வரிகளுக்கும் நடுவே வேறொருவர் மாற்றியிருந்தால் இரண்டும் பொருந்தாது. பணக் கணக்கு எழுதும் ப்ரோகிராமில் இதைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது, திரை எழுதி முடியும்வரை செஷனைத் திறந்தே வைப்பது. ஸ்ப்ரிங் பூட்டில் வெப் ப்ரோகிராம் எழுதுபவர்களுக்கு 'ஓபன் இன் வியூ' என்ற பெயரில் இது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கிறது. 2018-ல் வந்த 2.0 பதிப்பிலிருந்து இதைப் பற்றி லாகில் ஓர் எச்சரிக்கையும் வருகிறது. ஒரு கம்ப்யூட்டரில் ஒருவர் பயன்படுத்தும் சிறிய ப்ரோகிராமுக்கு இது குற்றமில்லை. ஆனால் இந்த வசதி ஆனில் இருக்கும்போது எத்தனை க்வெரி போகிறது என்பது உங்கள் கண்ணுக்கே தெரியாது. அதே கோடை பின்னணியில் ஓடும் வேறொரு த்ரெட்டில் வைத்தால், அங்கே இந்தச் செஷன் கிடையாது; பழைய பிழை மறுபடி வந்து நிற்கும்.

சரியான வழி

எந்தத் திரைக்கு எது வேண்டும் என்பதை அந்தத் திரைக்கான க்வெரியிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. பில்லை வரிகளோடு காட்டும் திரைக்கு இப்படி எழுதலாம்:

செலக்ட் பி ஃப்ரம் பில் பி லெஃப்ட் ஜாயின் ஃபெட்ச் பி.வரிகள் வேர் பி.எண் = :எண்

'ஜாயின்' என்பதற்கும் 'ஜாயின் ஃபெட்ச்' என்பதற்கும் வித்தியாசம் உண்டு. வெறும் ஜாயின், நிபந்தனை போடுவதற்கு மட்டும் பயன்படும், லிஸ்டை நிரப்பாது. ஃபெட்ச் என்று சேர்த்தால்தான் ஒரே க்வெரியில் லிஸ்ட் நிரம்பி வரும். 'லெஃப்ட்' இல்லாவிட்டால், வரியே இல்லாத பில் முடிவில் வராது. ஹைபர்னேட் 5 வரை, 40 வரி உள்ள பில் இந்த க்வெரியில் 40 முறை திரும்ப வரும். அதற்காக 'டிஸ்டிங்ட்' சேர்க்க வேண்டியிருந்தது. 6-ல் இந்தத் தொல்லை இல்லை, தானாகவே ஒன்றாக்கிவிடுகிறது.

க்வெரியை மாற்ற விருப்பமில்லை என்றால் ஜேபிஏ 2.1-ல் வந்த என்டிட்டி கிராஃப் வசதியைப் பார்க்கலாம். வெறும் பட்டியல் திரைக்கு என்டிட்டியே வேண்டாம். வேண்டிய மூன்று நான்கு ஃபீல்டுகளை மட்டும் ஒரு சாதாரண கிளாஸில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ப்ராக்சியும் இல்லை, தலைவலியும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. பில்லுக்கு வரிகள் என்ற லிஸ்டும் பணம் கட்டிய விவரங்கள் என்ற லிஸ்டும் இருந்து, இரண்டையும் ஒரே க்வெரியில் ஃபெட்ச் செய்தால் 'மல்டிபிள் பேக் ஃபெட்ச் எக்செப்ஷன்' வரும். லிஸ்டை செட் ஆக மாற்றினால் பிழை மறையும். ஆனால் 40 வரியும் 3 பணக் கட்டுகளும் உள்ள பில்லுக்கு டேட்டாபேஸ் 120 வரிசைகளை அனுப்பும். இரண்டு க்வெரிகளாகப் பிரிப்பதே மேல். அதேபோல லிஸ்டை ஃபெட்ச் செய்யும் க்வெரியில் பக்கம் பக்கமாக எடுக்க 'செட் மேக்ஸ் ரிசல்ட்ஸ்' போடாதீர்கள். ஹைபர்னேட் எல்லாவற்றையும் மெமரிக்கு இழுத்து அங்கேதான் பக்கம் பிரிக்கும். லாகில் ஒரு எச்சரிக்கையோடு நின்றுவிடுவதால் பலர் கவனிப்பதில்லை.

51 க்வெரி

செஷன் திறந்திருக்கிறது, பிழை எதுவும் இல்லை, ஆனால் ப்ரோகிராம் ஊர்கிறது. இன்றைய 50 பில்களை ஒரு க்வெரியில் எடுக்கிறீர்கள். லூப்பில் ஒவ்வொரு பில்லின் வரிகளையும் தொடுகிறீர்கள். ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு க்வெரி. மொத்தம் 51. இதை என் ப்ளஸ் ஒன் பிரச்சனை என்பார்கள். சோதனைக்கு நாம் போட்டுவைத்த 5 பில்களில் இது தெரியாது. டேட்டா ஏறிய பிறகுதான் தெரியும்.

இதில் ஒளிந்திருக்கும் இன்னொரு கண்ணி: ஜேபிஏ விதிப்படி ஒன்-டு-மெனி உறவு சொல்லாமலே லேசி, ஆனால் மெனி-டு-ஒன் உறவும் ஒன்-டு-ஒன் உறவும் சொல்லாமலே ஈகர். ஆக, பில்வரிகளை ஒரு க்வெரியில் எடுத்தால், நீங்கள் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு வேறு வேறு பொருளுக்கும் ஒரு தனி க்வெரி போகும். எல்லா மெனி-டு-ஒன் உறவுக்கும் 'ஃபெட்ச் டைப் லேசி' என்று கையால் எழுதிவிடுவது நல்ல பழக்கம். ஒன்-டு-ஒன் உறவில் மட்டும், ஃபாரின் கீ இல்லாத பக்கத்தில் லேசி என்று எழுதினாலும் பொதுவாகப் பலிக்காது. எதிர்ப்பக்கம் ஆள் இருக்கிறாரா, நல் ஆ என்று தெரியாமல் ப்ராக்சி வைக்க முடியாது. தெரிந்துகொள்ள டேட்டாபேஸுக்குப் போயே ஆக வேண்டும்.

எத்தனை க்வெரி போகிறது என்று பார்க்க 'ஹைபர்னேட் ஷோ எஸ்க்யூஎல்' செட்டிங்கை ட்ரூ ஆக்குங்கள். ப்ராஜெக்ட் முடியும்வரை இதை அணைக்காதீர்கள். ஒரு பட்டனை அழுத்தினால் கன்சோலில் ஒரே மாதிரியான செலக்ட் வரிகள் மழைபோலக் கொட்டினால் அதுதான் அறிகுறி. தீர்வு, மேலே சொன்ன ஜாயின் ஃபெட்ச். அல்லது வரிகள் லிஸ்டின் மேல் 'பேட்ச் சைஸ்' அனோட்டேஷனில் 25 என்று கொடுங்கள். 50 பில்களின் வரிகள் 25 பில்லுக்கு ஒன்றாக 2 க்வெரியில் வந்துவிடும். மொத்தம் 51-க்குப் பதில் 3.

சேமித்தேன், காணவில்லை

இனி மறுபக்கம். டேட்டா வராதது எரிச்சல்தான். ஆனால் கொடுத்த டேட்டா சேராமல் போனால் மாலையில் கல்லாவும் கணக்கும் ஒத்துப்போகாது.

முதலில் மிகச் சாதாரணமான ஒன்று. நேற்றுப் போட்ட பில்கள் இன்று காலையில் இல்லை. டேபிள் இருக்கிறது, காலியாக இருக்கிறது. 'எச்பிஎம்2டிடிஎல் ஆட்டோ' என்ற செட்டிங்கில் 'கிரியேட்' என்று இருக்கிறதா பாருங்கள். ப்ரோகிராம் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் டேபிள்களை அழித்துப் புதிதாகக் கட்டும் ஆணை அது. 'கிரியேட்-ட்ராப்' என்றால் மூடும்போதும் அழிக்கும். பயிற்சியின்போது 'அப்டேட்' என்று வைக்கலாம். உண்மையான டேட்டா ஏறிய பிறகு 'வேலிடேட்' மட்டும். டேபிள் மாற்றங்களை நீங்களே எஸ்க்யூஎல் எழுதிச் செய்யுங்கள்.

அடுத்து, 'பெர்சிஸ்ட்' கூப்பிட்டும் டேபிளில் ஒன்றும் இல்லை என்பது. பெர்சிஸ்ட் என்றால் உடனே இன்சர்ட் செய் என்று பொருளல்ல. 'இந்த ஆப்ஜெக்ட்டை உன் கணக்கில் சேர்த்துக்கொள்' என்றுதான் பொருள். எழுதும் வேலை ஃப்ளஷ் நேரத்தில், பெரும்பாலும் கமிட்டுக்குச் சற்று முன் நடக்கும். ஆட்டோ இன்க்ரிமென்ட் எண் முறை வைத்திருந்தால் மட்டும் எண்ணைத் தெரிந்துகொள்வதற்காக உடனே இன்சர்ட் போகும். அதுவும் கமிட் இல்லாவிட்டால் நிலைக்காது. ஆகவே ட்ரான்சாக்ஷன் தொடங்கியதா, கமிட் ஆனதா என்று முதலில் பாருங்கள். ஸ்ப்ரிங்கில் ட்ரான்சாக்ஷனல் அனோட்டேஷன் போட்ட ஃபங்ஷனை அதே கிளாஸில் உள்ள இன்னொரு ஃபங்ஷனிலிருந்து நேரடியாகக் கூப்பிட்டால், சாதாரண அமைப்பில், ட்ரான்சாக்ஷன் தொடங்காது. அழைப்பு வெளியிலிருந்து ஸ்ப்ரிங்கின் ப்ராக்சி வழியாக வந்தால்தான் தொடங்கும்.

ஒரு என்டிட்டி ஆப்ஜெக்ட் நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும். நியூ போட்டு உருவாக்கியது, டேட்டாபேஸுக்குத் தெரியாதது, ட்ரான்சியன்ட். செஷனின் கண்காணிப்பில் இருப்பது மேனேஜ்ட். செஷன் மூடிய பிறகு கையில் மிஞ்சியிருப்பது டிட்டாச்ட். அழிக்கக் குறிக்கப்பட்டது ரிமூவ்ட். சேமிப்பதில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை, ஆப்ஜெக்ட் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நாம் ஒன்றாக நினைக்க, ஹைபர்னேட் வேறாகப் பார்ப்பதால் வருகின்றன.

'டிட்டாச்ட் என்டிட்டி பாஸ்ட் டு பெர்சிஸ்ட்' என்ற செய்தி நல்ல உதாரணம். புதுப் பில்தான், ஆனால் எண் ஃபீல்டில் நீங்களே 101 என்று போட்டுவிட்டீர்கள். அந்த எண்ணைத் தானாக உருவாக்கச் சொல்லி அனோட்டேஷனும் இருக்கிறது. எண் ஏற்கெனவே இருப்பதால் இது பழைய பில் என்று ஹைபர்னேட் முடிவு செய்கிறது. எண்ணை நல் ஆக விட்டுவிட்டால் போதும்.

உண்மையிலேயே பழைய பில்லைத் திருத்தியிருந்தால் 'மெர்ஜ்' பயன்படுத்த வேண்டும். இங்கே கவனம் தேவை. மெர்ஜ் நீங்கள் கொடுத்த ஆப்ஜெக்ட்டைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. அதன் மதிப்புகளை வேறொரு மேனேஜ்ட் ஆப்ஜெக்ட்டில் நகல் எடுத்து, அந்த நகலைத் திருப்பித் தருகிறது. திரும்பி வந்ததை வாங்காமல், பழைய ஆப்ஜெக்ட்டிலேயே தள்ளுபடித் தொகையை மாற்றினால் அந்த மாற்றம் எங்கும் சேராது. பிழையும் வராது. பழைய பாடங்களில் வரும் 'சேவ்', 'அப்டேட்', 'சேவ் ஆர் அப்டேட்' ஆகிய மூன்றும் ஹைபர்னேட் 6-லேயே கைவிடத் தக்கவை என்று குறிக்கப்பட்டுவிட்டன. புதிதாக எழுதும் கோடில் பெர்சிஸ்ட், மெர்ஜ் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான அதிர்ச்சியும் உண்டு. மேனேஜ்ட் நிலையில் உள்ள பில்லில் பிரிண்ட் அழகுக்காகத் தொகையை ரூபாய்க்கு முழுமையாக்கினீர்கள். சேமிக்கச் சொல்லவே இல்லை. ஆனால் கமிட் ஆகும்போது ஹைபர்னேட் முன்பு எடுத்த மதிப்போடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கண்டு அப்டேட் அனுப்பிவிடும். காட்டுவதற்கான மாற்றங்களை என்டிட்டியில் செய்யாதீர்கள்.

வரி போன இடம்

பில்லிங் ப்ரோகிராமில் மிகவும் ஆபத்தான பிழை இதுதான். பில்லை உருவாக்கி, அதன் வரிகள் லிஸ்டில் மூன்று பில்வரிகளை ஆட் செய்து, பெர்சிஸ்ட் செய்கிறீர்கள். கேஸ்கேடும் கொடுத்திருக்கிறீர்கள். பில் டேபிளில் ஒரு வரிசை, பில்வரி டேபிளில் மூன்று வரிசைகள். திரையிலும் மூன்று வரிகள் தெரிகின்றன. ப்ரோகிராமை மூடித் திறந்து அதே பில்லை எடுத்தால் ஒரு வரியும் இல்லை!

பில்வரி டேபிளைத் திறந்து பார்த்தால் பில் எண் ஃபீல்டு நல் ஆக இருக்கும். பில் கிளாஸில் 'மேப்ட் பை' என்று எழுதியிருக்கிறோம். 'இந்த உறவுக்குப் பொறுப்பு நான் அல்ல, எதிர்ப்பக்கம்தான்' என்று அதற்கு அர்த்தம். ஃபாரின் கீயை எழுதும்போது ஹைபர்னேட் பில்வரியில் உள்ள பில் ஃபீல்டை மட்டுமே பார்க்கும். அதை நீங்கள் நிரப்பவில்லை. லிஸ்டில் ஆட் செய்தது மெமரியில் மட்டும் இருந்தது. அதனால்தான் அப்போது திரையில் சரியாகத் தெரிந்தது.

பில் கிளாஸில் 'வரிசேர்' என்று ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். அது லிஸ்டில் ஆட் செய்துவிட்டு, அடுத்த வரியிலேயே பில்வரியின் 'செட்பில்' ஃபங்ஷனுக்கு 'திஸ்' என்று கொடுக்கட்டும். வெளியிலிருந்து லிஸ்டை நேரடியாகத் தொட விடாதீர்கள். கூடவே டேபிளில் அந்த ஃபாரின் கீயை நாட் நல் என்று வையுங்கள். சத்தமில்லாமல் தவறாகச் சேமிப்பதைவிடப் பிழை காட்டி நிற்பது நல்லது.

கேஸ்கேட் கொடுக்க மறந்திருந்தால் 'அன்சேவ்ட் ட்ரான்சியன்ட் இன்ஸ்டன்ஸ்' என்று பிழை வரலாம். பில்லிலிருந்து பில்வரிக்குக் கேஸ்கேட் கொடுப்பது சரி. பில் இல்லாமல் வரிக்கு வாழ்வில்லை. ஆனால் அதே வேகத்தில் பில்வரியிலிருந்து பொருளுக்கும் 'கேஸ்கேட் ஆல்' கொடுத்துவிடாதீர்கள். ஆல் என்பதில் ரிமூவ் என்பதும் அடக்கம். ஒரு பில்வரியை அழித்தால் அரிசி மூட்டையே பொருள் டேபிளிலிருந்து அழிக்கப்படப் பார்க்கும். வேறு பில்கள் அதைக் குறிப்பிட்டுக்கொண்டிருந்தால் டேபிளின் ஃபாரின் கீ தடுத்துக் காப்பாற்றும். புதுப் பொருளாக இருந்தால் போய்விடும்.

வரிகளை நீக்குவதில் ஒரு விஷயம். 'ஆர்ஃபன் ரிமூவல்' கொடுத்திருந்தால், லிஸ்டிலிருந்து ரிமூவ் செய்த பில்வரி டேபிளிலிருந்தும் நீங்கும். ஆனால் 'செட்வரிகள்' என்று ஒரு புத்தம்புதிய அர்ரேலிஸ்டை வைத்தால், பழைய லிஸ்ட் எங்கே என்று ஹைபர்னேட் எக்செப்ஷன் எறியும். அது கண்காணிப்பது தான் கொடுத்த லிஸ்டை. ஆகவே அதே லிஸ்டை க்ளியர் செய்துவிட்டு, புது வரிகளை 'வரிசேர்' வழியாக ஒவ்வொன்றாகச் சேருங்கள். பில்லைத் திருத்தும் திரை எழுதும்போது இது கட்டாயம் தேவைப்படும்.